புண்ணைக் காயவிடலாமா?

பால்மரம் சீவும் கத்தி பட்டால், "காற்றுப் படட்டும், காய்ந்தால் ஆறிவிடும்" என்று புண்ணைத் திறந்து போடுகிறோம். இது தவறென்று 1962-இலேயே லண்டன் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் காட்டிவிட்டார். பன்றித் தோலில் மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி ஈரம் காத்த காயங்களில், திறந்து விட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகப் புதுத்தோல் படர்ந்தது. காய்ந்த பொருக்கு அதற்குத் தடையே.

எனவே, தோழர்களே! புண்ணைச் சுத்தமான நீரில் கழுவி மூடிக் கட்டுவோம். நீரிழிவு உள்ளவர் காற்புண்ணோடு ஒரு நாளும் தாமதிக்கலாகாது; காலுக்கே ஆபத்து.

ஈரம் காக்கும் கட்டுகள் இன்று எத்தனையோ வந்துவிட்டன. அவை நம் தோட்ட மருந்தகத்தில் உண்டா? சங்கத்தின் வழியே கேட்போம். கத்தியைக் கையில் கொடுக்கும் நிர்வாகம், அதனால் வரும் காயத்துக்கு நல்ல கட்டும் கொடுக்கக் கடமைப்பட்டது. நாம் கேட்பது சலுகையன்று, உரிமை!