காலித் தொட்டிக்குள் இறங்குபவர் யார்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 1960களில் எழுந்த ஆலைகள் பலவற்றின் இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சாலை விரிகிறது, மெட்ரோ வருகிறது, மனை விலை ஏறுகிறது. ஆலைகள் மூடப்படுகின்றன, பெட்ரோல் பங்குகள் இடம் மாறுகின்றன. வேலி போட்ட மனையை வாங்க வருகிறவர் வில்லங்கச் சான்று பார்க்கிறார். மண்ணுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதை அந்தச் சான்று சொல்லாது.

பங்க் இருந்த இடமென்றால் பூமிக்கடியில் இரும்புத் தொட்டிகள் இருக்கும். கொதிகலன் ஓடிய பழைய ஆலையென்றால் ஃபர்னஸ் ஆயில் தொட்டி இருக்கும். அவற்றின் அடியில் படிந்த கசடை அள்ளி, இரும்பை வெட்டி ஸ்கிராப்புக்கு அனுப்பினால்தான் புதிய கட்டடத்துக்குக் கடைக்கால் போட முடியும். அந்தக் கசடை அள்ளுவது யார்? நிலத்தின் உரிமையாளரும் கேட்காத, எண்ணெய் நிறுவனமும் கேட்காத, அரசும் கணக்கெடுக்காத கேள்வி இது.

'காலித் தொட்டி' என்ற பெயரே ஏமாற்று. நிறைந்த தொட்டியில் ஆவி நிற்க இடம் குறைவு. காலித் தொட்டி முழுக்க ஆவிதான். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கந்தகம் கலந்த எண்ணெய் நின்ற தொட்டியின் சுவரில் படியும் இரும்பு சல்பைடு, காற்றுப் பட்டதும் தானாகவே கனன்று தீப்பிடிக்கும். தீ இல்லாவிட்டாலும் மூச்சு முட்டும். ஹைட்ரஜன் சல்பைடு ஒரு சில மூச்சில் ஆளைச் சாய்க்கும். பென்சீன் உடனே கொல்லாது. பல ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றுநோயாக வரும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் முழுமையாக நின்றது. அதற்கு முந்தைய தொட்டிகளின் கசடில் ஈயமும் இருக்கலாம்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததல்ல. பெட்ரோலிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும்போது வரும் கசடை 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் தனி வகையாகவே பட்டியலிட்டுள்ளன. கசடுக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது. அதை அள்ளும் கைகளுக்கு இல்லை.

அந்தக் கைகளைப் பார்க்க வேண்டுமானால் வடசென்னையைத்தான் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையொதுங்கிய தார் போன்ற கசடை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 'இனி இப்படி நடக்காது' என்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. மறுபடியும் அதே வாளி, அதே குவளை. எந்த எண்ணெய் தங்கள் வலையையும் படகையும் நாசமாக்கியதோ, அதே எண்ணெயை அள்ளும் கூலி வேலை அந்த மீனவர்களுக்கே கொடுக்கப்பட்டது. அதே மாதம் 27ஆம் தேதி தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் முனையத்தில், வெல்டிங் வேலையின்போது எத்தனால் தொட்டி வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார்.

எண்ணெய் மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் தண்டையார்பேட்டை காட்டியது. 2013இல் அங்கே வீட்டுக் கிணறுகளில் தண்ணீரோடு எரிபொருளும் சேர்ந்து வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சுத்திகரிப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. எண்ணெய் நீரைவிட இலேசானது. நிலத்தடி நீரின் மேல் மிதந்தபடி தெருத் தெருவாக நகரும். ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் மேற்குப் புறநகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

இப்போது ஆவடிக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் அங்கே பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் நச்சு வாயு தாக்கி இறந்தார். அந்த மரணத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் உண்டு. 2014இல் 10 லட்சமாகவும், 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் 30 லட்சமாகவும் உச்ச நீதிமன்றம் வகுத்த இழப்பீடு உண்டு. இந்தியா முழுதும் கணக்கெடுத்த சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்ற ஒன்றிய அரசின் கணக்கும் உண்டு. இவை எதுவும் தானாக வந்ததல்ல. தூய்மைப் பணியாளர் இயக்கங்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றவை.

ஆனால் அச்சட்டம் 'ஆபத்தான துப்புரவு' என்று சொல்வது சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் மட்டுமே. இருட்டு அதே இருட்டு, வாயு அதே வாயு, கயிறு கட்டி இறக்கும் முறையும் அதே. தொட்டிக்குள் இருப்பது மலம் அல்ல, எண்ணெய் என்பதால் அந்த மரணம் வெறும் 'விபத்து' ஆகிவிடுகிறது. ஓடும் ஆலையில் நடந்தால் தொழிற்சாலை ஆய்வாளர் என்ற ஒருவராவது வருவார். மூடிய ஆலையை உடைக்கும்போது நடந்தால், அது ஆலையா கட்டட வேலையிடமா என்ற தகராறிலேயே பொறுப்பு கை நழுவிவிடும்.

"இதில் சாதி எங்கே வந்தது? யார் வேண்டுமானாலும் கூலிக்கு வரலாமே" என்பார்கள். எண்ணூர் மீனவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர் என்றும் சொல்வார்கள். உண்மைதான். சாதி என்பது தீட்டுக் கணக்கோடு முடிவதில்லை. யாருடைய உடல் நாசமானால் ஊர் கேள்வி கேட்காது என்ற கணக்கும் அதுதான். நிறுவனம் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கிறது, காண்ட்ராக்டர் துணைக் காண்ட்ராக்டருக்கு, அவர் மேஸ்திரிக்கு. பாதுகாப்பு விதிகள் எல்லாம் முதல் தாளில் இருக்கும். கடைசி ஆளின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. மேஸ்திரி ஆள் தேடி எந்தத் தெருவுக்குப் போகிறார் என்பது நமக்குத் தெரியும். அரசுக்குத் தெரியவில்லை என்றால், எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்யும் விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். நல்லது. நாடு முழுவதும் அப்போது அடையாளம் காணப்பட்டிருந்தவை 103 இடங்கள். சீரமைப்பு தொடங்கியிருந்தது ஏழே இடங்களில். அந்தப் பணி வேகமெடுக்கும்போது, இறங்கும் ஆளைப் பற்றிய கேள்வியும் கூடவே எழுந்தாக வேண்டும்.

நமது கோரிக்கைகள் எளியவை. 2013 சட்டத்தின் வரையறை எண்ணெய், இரசாயனத் தொட்டிகள் அனைத்துக்கும் விரிய வேண்டும். கசடு எடுக்க இயந்திரங்கள் உண்டு. பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. பங்க் தொட்டிக்கும் சிறு ஆலைக்கும் அதுவே விதியாக வேண்டும். எந்தத் தொட்டியில் இறந்தாலும் 30 லட்சம். அதைக் கொடுக்க வேண்டியவர் மேஸ்திரி அல்ல, தொட்டியின் சொந்தக்காரர். பழைய எண்ணெய் மனைகளில் கட்டட அனுமதி தரும் முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, முடிவைத் தமிழில் ஊரறிய வெளியிட வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களைச் சாதிவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும்.

அம்பத்தூர் மண்டல அலுவலகத்திலும், ஆவடி மாநகராட்சியிலும், பூந்தமல்லி நகராட்சியிலும் இந்தக் கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் பகுதியில் மூடப்பட்ட பங்குகள் எத்தனை, எண்ணெய்த் தொட்டியுள்ள மூடிய ஆலைகள் எத்தனை, எத்தனை தொட்டிகள் எடுக்கப்பட்டன, எடுத்த காண்ட்ராக்டர் யார், உள்ளே இறங்கியவர் யார்? தகவல் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. மண் சுத்தமானால் போதாது. அதைச் சுத்தம் செய்தவர் உயிரோடு வீடு திரும்பியிருக்க வேண்டும்.