காணிக்கையில் ஏழையின் பங்கு

ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் விழும் பணத்தில் ஏழைக்குச் சேர்வது எவ்வளவு? சென்ற கூட்டத்தில் நம் சங்கத்துக் கிறிஸ்தவ அன்பர் ஒருவர் இவ்வாறு வினவியபோது சிலர் முகம் சுளித்தனர். கேட்கத் தகாத வினா என்று நாம் கருதவில்லை. பேரேட்டைப் புரட்டியே பிழைக்கும் நமக்கு, பணம் எத்தலைப்பில் எழுதப்பட்டது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

வாரக் காணிக்கையின் தொடக்கமே ஏழைகளுக்கானது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைக் காண்க. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்னது, எருசலேமில் வறுமையுற்ற விசுவாசிகளுக்கு அனுப்புவதற்காக. கட்டடத்துக்காக அன்று; அந்நாளில் சபையார் வீடுகளிலேயே கூடினர். பின்னர் ஆலயங்களும் குருமாரும் பெருகவே, 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் கெலாசியுஸ் வருவாயை நான்காகப் பகுக்கச் செய்தார்: ஆயருக்கு, குருமாருக்கு, ஏழைகளுக்கு, ஆலயப் பராமரிப்புக்கு. நாலில் ஒரு கூறு ஏழையின் உரிமையாயிற்று.

நாம் பார்த்த இக்காலச் சபைக் கணக்குகளில் அவ்வுரிமை இல்லை. போதகர் ஊதியம், பேராயத்துக்குச் செலுத்தும் பங்கு, மின்கட்டணம், பண்டிகைச் செலவு ஆகியவை போக எஞ்சியதே ஏழை நிதி. போதகரும் உண்ணவேண்டும், கூரையும் ஒழுகலாகாது. எனினும் ஏழையைக் கடைசி வரியில் நிறுத்துவானேன்?

பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சிலர் சுட்டிக்காட்டுவர். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் ஊதியம் அரசுடையது. 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வேலூர் மருத்துவமனையின் அன்றாடச் செலவும் இன்று பெரும்பாலும் நோயாளர் கட்டணத்தாலேயே நடக்கிறது. அரும்பணிகளே, ஆயினும் அவற்றைக் காணிக்கைப் பையின் வரவில் எழுதுதல் முறையன்று.

அயலூரில் பிழைக்க வந்த நமக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஈராண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் தினக்கூலித் தச்சர் ஒருவர் திடீரென மறைந்தார். சடலத்தை ஊருக்குக் கொண்டுசெல்லவேண்டும். அவரது சபையின் ஏழை நிதி பெட்டிக்கே போதவில்லை. கட்டட நிதியில் பணமிருந்தது. தொடுவதற்கு விதி இடந்தரவில்லை. கணக்கில் பிழையேதுமில்லை, ஒவ்வொரு ரூபாயும் உரிய இடத்தில் இருந்தது! ஆலய வாயிலில் மேல்துண்டை விரித்துத் திரட்டிய பணத்தில்தான் அவர் மனைவியும் இரு குழந்தைகளும் ஊர் சென்றனர். அத்தொகை எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. சபையார் செய்யும் உதவி முழுவதும் அச்சில் வருவதில்லை என்பதையும் நாம் சொல்லியாகவேண்டும்.

மிசோரத்துப் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல், அரிசியை உலையிலிடுமுன் ஒரு பிடி எடுத்துவைத்து வருகின்றனர். அது ஊழியப் பணிக்கென எழுந்த வழக்கமே. ஆயினும் முறையை நோக்குக: உண்டு மிஞ்சியதை அன்று, உலையேறுமுன்னரே எடுக்கின்றனர். ஏழை நிதியையும் அவ்வாறே முதல் வரியில் எடுத்துவைக்கலாகாதா என்று அன்பர்கள் தத்தம் சபையின் ஆண்டுக் கூட்டத்தில் கேட்கட்டும். வரவு செலவுத் திட்டம் அச்சேறுமுன் கேட்பது நலம். அச்சானபின் எந்தப் பொருளாளரும் இசையார்.