இயந்திரம் பாடுமா?

நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் சென்ற மாதம் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பொறியியல் பயிலும் அவருடைய பேரன் இரவு வேளைகளில் ஏதோ ஜெர்மானிய இசையைக் கேட்கிறானாம். அவ்விசையில் வீணையில்லை, குழலில்லை, மனிதக் குரலும் மனிதக் குரலாக இல்லையாம். அதோடு விட்டானா? அதன் 1974-ஆம் ஆண்டுப் பதிப்பின் ஒலி உயர்ந்ததா, 2009-ஆம் ஆண்டுப் பதிப்பின் ஒலி உயர்ந்ததா என்று தோழர்களுடன் தொலைபேசியில் மணிக்கணக்கில் வாதம் வேறு! "இயந்திரம் எழுப்பும் கூச்சலை இசையென்று கொள்வது எங்ஙனம்? தாங்களேனும் விளக்க வேண்டும்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

பெரியவரின் வருத்தம் நமக்கு விளங்காமலில்லை. ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் இசை வெறும் பொழுதுபோக்கன்று. பிள்ளைகள் தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்தாலும் நாலு கீர்த்தனைகளாவது பிழையின்றிப் பாடட்டும் என்று எண்ணி வளர்க்கிறோம். அப்படி வளர்த்த பேரன் அயல்நாட்டு மின்னோசையில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டால், கைப்பொருள் நழுவியதுபோல் மனம் துணுக்குறுவது இயல்பே. ஆயினும், வழக்கைக் கேட்ட பின்னரன்றோ தீர்ப்புக் கூற வேண்டும்? ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவ்வில்லத்திற்கே சென்றோம். பெரியவர் காப்பி கொடுத்து உபசரித்தார். பேரன் தன் தரப்பை எடுத்துரைத்தான். அவனிடம் கேட்டவற்றையும், யாம் முன்பே அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

மின்னணு இசை நேற்று முளைத்த காளானன்று. ஜெர்மனியின் கொலோன் நகர வானொலி நிலையத்தில் இதற்கெனத் தனிக்கூடம் ஒன்றை அமைக்க 1951-ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தனர். ஹெர்பர்ட் ஐமெர்ட் என்பார் அதன் முதல் தலைவர். கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் என்னும் இளைஞர் 1953-இல் அங்கு வந்து சேர்ந்தார். அவர் கையாண்ட கருவி, வானொலிப் பொறியாளர்கள் அளவை பார்ப்பதற்காக வைத்திருக்கும் ஒலியலை இயற்றி. அது எழுப்பும் ஓசையில் தந்திக்கோ குழலுக்கோ உரிய கிளை நாதங்கள் இரா. சீழ்க்கை போன்ற வெற்றொலி ஒன்றே இருக்கும்.

அந்த வெற்றொலிகளை ஐந்தைந்தாகச் சேர்த்து, எதிரொலி அறையில் ஒலிக்கச் செய்து, அதனை மீண்டும் ஒலிநாடாவில் பதிந்து, 1954-இல் 'ஸ்டூடி 2' என்னும் படைப்பை அவர் உருவாக்கினார். கேட்பதற்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடும். ஆனால் அந்நாடா ஒரு நொடிக்கு 76.2 சென்டிமீட்டர் ஓடும். ஒவ்வோர் ஒலியின் நீளத்தையும் அளவுகோலால் அளந்து, நாடாவைக் கத்தரித்து, ஒட்டித்தான் இசையைக் கோத்தார்கள். மாலை தொடுப்பவர் பூவைப் பூவாக எடுத்துக் கட்டுவதைப் போன்றதே அது. இரண்டாண்டு கழித்து, 1956-இல், ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலியையும் பிரித்தறிய இயலாதவாறு இழைத்து 'கெஸாங் டெர் யூங்லிங்கே' என்னும் படைப்பை அரங்கேற்றினார்.

வானொலி நிலையத்து அறிஞர் கூடத்தில் பிறந்த இவ்விசை வீதிக்கு வந்த கதைதான் பேரன் கேட்கும் இசையின் கதை. கொலோனுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் வடக்கே, அதே ரைன் நதிக்கரையில், டுசல்டார்ஃப் என்னும் நகரம் உள்ளது. அதற்கு அண்மையிலேயே, அந்நாளில் நிலக்கரிச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் நிறைந்திருந்த ரூர் பகுதி. அந்நகரில் 1970-இல் ரால்ஃப் ஹூட்டர், ஃப்ளோரியன் ஷ்னைடர் என்ற இரு நண்பர்கள் 'கிராஃப்ட்வெர்க்' என்னும் குழுவைத் தொடங்கினர். அச்சொல்லுக்கு மின் உற்பத்தி நிலையம் என்பது பொருள்.

ஒருவர் 1946-இல் பிறந்தவர். மற்றவர் 1947-இல் பிறந்தவர். பெரும்போர் முடிந்து நாடு இடிபாடாகக் கிடந்த காலத்துப் பிள்ளைகள். அவர்கள் வளர்ந்த நாளில் வானொலியைத் திருப்பினால் அமெரிக்க இசை, இங்கிலாந்து இசை. முந்திய தலைமுறையின் பெருமிதப் பாடல்களையோ வாயெடுத்துப் பாடக் கூசும் நிலை. தமக்கென்று எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை என்று உணர்ந்த அவர்கள், தம் ஊரில் கேட்கும் ஓசைகளையே முதலாக வைத்துத் தொடங்கினர். இரயில் நிலையத்திற்கு அருகே ஒரு கட்டடத்தில் தமக்கெனக் கூடம் அமைத்து, அதற்குக் 'க்ளிங் க்ளாங்' என்று பெயரிட்டனர்.

வேண்டிய கருவி கடையில் கிட்டாதபோது தாமே செய்துகொண்டார்கள். உலோகத் தகடுகளைப் பலகையில் பதித்து, கம்பி இணைத்த உலோகக் குச்சிகளால் தட்டினால், மின்சுற்று மூடித் தாளவொலி எழுமாறு ஒரு கருவியை அமைத்தனர். மனிதக் குரலைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து அவற்றின் ஏற்ற இறக்கத்தை வேறோர் ஒலியின்மீது ஏற்றும் 'வோகோடர்' என்ற பொறியையும் கையாண்டனர். "மனிதக் குரலும் மனிதக் குரலாக இல்லை" என்று பெரியவர் குறைப்பட்டது இதனால்தான். பேசுகிறவர் மனிதரே. அவருடைய சொல்லை இயந்திரத்தின் தொண்டை ஒலிக்கிறது.

1974-இல் வெளிவந்த 'ஆட்டோபான்' என்னும் இசைத்தட்டுதான் இவர்களை உலகறியச் செய்தது. ஜெர்மனியின் விரைவு நெடுஞ்சாலைக்கு ஆட்டோபான் என்று பெயர். தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாடல். 22 நிமிடம் 43 நொடி. காரின் கதவு சாத்தப்படுகிறது, எந்திரம் உயிர்பெறுகிறது, ஊதுகுழல் ஒலிக்கிறது. பின்னர் நீண்ட பயணம். எதிரே வரும் வண்டிகள் விர்ரெனக் கடந்து போகும் ஓசையையும் மின்கருவியாலேயே, ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஓடுமாறு படைத்திருக்கிறார்கள். பாடலின் சொற்கள் ஜெர்மன் மொழியிலேயே அமைந்தவை. அந்நாளில் மேலைநாட்டு மேடையேற விரும்பிய ஜெர்மானிய இளைஞர் பலர் ஆங்கிலத்திலேயே பாடினர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். தாய்மொழியில் பாடிய இத்தட்டு, 1975-இல் அமெரிக்க விற்பனை வரிசையில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது.

இனி, பேரனும் அவன் தோழர்களும் வாதிடும் செய்திக்கு வருவோம். அவர்களுடைய வழக்குகள் மூன்று.

முதல் வழக்கு: அந்த ஒலி யாருடையது? 'ஆட்டோபான்' ஒலிப்பதிவில் கோனி பிளாங்க் என்னும் பொறியாளருக்குப் பெரும்பங்கு உண்டு. 1940-இல் பிறந்து 1987-இல் மறைந்த அவர், கொலோன் நகருக்கு அப்பால் வோல்பெராத் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டவர். 'ஆட்டோபா'னுக்குப் பின் குழுவினர் அவரை விட்டுப் பிரிந்து, 1975 முதல் தம் கூடத்தில் தாமே யாவும் செய்துகொண்டனர். முந்தியதில் உள்ள காற்றோட்டமும் ஆழமும் பிளாங்கின் கைவண்ணம் என்பர் ஒரு சாரார். 1977-இல் வந்த 'ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்', 1978-இல் வந்த 'மேன் மெஷின்' ஆகியவற்றின் கூர்மையும் சிக்கனமும் குழுவினரின் சொந்தச் செவிக்குச் சான்று என்பர் மற்றொரு சாரார்.

இரண்டாவது வழக்கு: எந்தப் பதிப்பு சிறந்தது? 1991-இல் குழுவினர் தம் பழைய பாடல்களைக் கணினியின் துணையால் புதிதாக்கி 'தி மிக்ஸ்' என்று வெளியிட்டனர். 2009-இல் எட்டு இசைத்தட்டுகளை மறுபடியும் ஒலிசீர் செய்து வெளியிட்டனர். 'ஆட்டோபா'னுக்கு முந்திய மூன்று தட்டுகள் அத்தொகுப்பில் இடம்பெறவில்லை. புதிய பதிப்பில் துலக்கம் மிகுதி என்பர் சிலர். ஒலிநாடாவின் மெல்லிய இரைச்சலோடு அறையின் மூச்சும் போயிற்று என்பர் வேறு சிலர். ஜெர்மன் பதிப்பா, ஆங்கிலப் பதிப்பா என்பது இதன் கிளை வழக்கு. "ஜெர்மன் மொழி எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அதைத்தான் கேட்பேன். தாளம் அந்தச் சொற்களின் அசைக்காகப் பிறந்தது. மொழியை மாற்றினால் சட்டையை மாற்றிப் போட்டது போலிருக்கும்" என்றான் பேரன். இதைக் கேட்டபோது மட்டும் பெரியவர் தலையசைத்ததை யாம் கவனிக்கத் தவறவில்லை.

மூன்றாவது வழக்கே பெரியவரின் கேள்விக்கு விடை தருவது. பிழையற்ற இயந்திரம் சிறந்ததா, பிழை செய்யும் இயந்திரம் சிறந்ததா? பெர்லின் நகரைச் சேர்ந்த 'டாஞ்சரின் டிரீம்' என்ற குழு 'ஃபீட்ரா' என்னும் இசைத்தட்டை 1974-இல் வெளியிட்டது. ஒலிப்பதிவின்போது மின்கருவி சூடேறச் சூடேறச் சுருதி மெல்ல விலகிற்று. வெயிலுக்கும் மழைக்கும் வீணைத் தந்தி விலகுவதில்லையா, அதைப்போல. அந்த விலகலை அவர்கள் அழிக்காமல் அப்படியே விட்டார்கள். இன்று அன்பர்கள் தேடிக் கேட்பதும் அந்த இடத்தைத்தான்.

'நோய்' என்று ஒரு குழு. நம் மொழியில் அச்சொல் வேறு பொருள் தந்தாலும் அவர்கள் மொழியில் 'புதிது' என்று பொருள். 1973-இல் இரண்டாம் இசைத்தட்டைப் பதிவு செய்து கொண்டிருந்தபோது அவர்களிடம் பணம் தீர்ந்துபோயிற்று. பாதித்தட்டு வெறுமையாக நின்றது. என் செய்தார்கள்? முன்பு தாம் வெளியிட்ட சிறு தட்டொன்றை எடுத்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடவிட்டு, அதையே பதிந்து மறுபக்கத்தை நிரப்பினார்கள். வாங்கியவர் பலர் அன்று முகம் சுளித்தனர். இருக்கும் பதிவையே எடுத்து உருமாற்றிப் புதியது செய்யும் வழக்கம் பிற்காலத்தில் உலகெங்கும் பரவிவிட்டது.

அவ்வாறு பரவியதற்குக் கிராஃப்ட்வெர்க்கும் ஒரு சான்று. 1982-இல் நியூயார்க் நகரக் கறுப்பின இளைஞர்கள் 'ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிர'ஸின் மெட்டை எடுத்தாண்டு 'பிளானட் ராக்' என்னும் நடனப் பாடலைச் செய்தனர். ரைன் நதிக்கரையின் ஓசை கடல் கடந்து வேறு மக்களின் குரலாயிற்று. ஆனால் எல்லாக் கடனும் இனிதாக முடிவதில்லை. கிராஃப்ட்வெர்க்கின் 1977-ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து ஏறத்தாழ இரண்டே நொடித் தாளத்தை எடுத்து 1997-இல் ஒரு ஜெர்மன் பாடலில் பயன்படுத்தியதன்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, அது 2016-இல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றத்தையும் 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தையும் எட்டிற்று. இரண்டு நொடி ஒலிக்கு இருபதாண்டுக்கு மேற்பட்ட வழக்கு! யாரோ ஒருவர் செவிகொடுத்துத் தேர்ந்து அமைத்ததாலன்றோ அந்த இரண்டு நொடிக்கு இத்தனை மதிப்பு?

இவ்வளவும் கேட்டபின் பெரியவர், "எல்லாம் சரி. இருந்தாலும் கையால் மீட்டாத ஒன்றில் உயிர் ஏது?" என்றார்.

பேரன் சிரித்தான். "தாத்தா, காலையில் நீங்கள் பாடுவதற்கு எது சுருதி போடுகிறது?" என்றான்.

பூசையறை வாயிலில், பெரியவரின் பாட்டுப் புத்தகத்தின் அருகில், மின்னணுச் சுருதிப்பெட்டி இருந்தது. தம்பூரை ஊரில் வைத்துவிட்டு வந்த எத்தனையோ இல்லங்களில் இருப்பது போன்ற ஒரு பெட்டிதான். பெரியவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். "அது சுருதிதானே போடுகிறது? பாடுகிறவன் நான்" என்றார்.

"அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், தாத்தா" என்றான் பேரன்.

அன்பர்களே, இதற்குமேல் யாம் சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரம் தானே பாடாது. எதைப் பாடவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும், எந்தப் பிழையை விட்டுவைக்கவேண்டும் என்று தீர்மானிப்பது மனிதனின் செவி. பதிப்புக்குப் பதிப்பு ஒலி பேதம் காணும் பேரனின் செவி, தாத்தா பாடும்போது அருகிலிருந்து கேட்டுக் கூர்மையடைந்த செவியாகவும் இருக்கலாமன்றோ? அவன் நம் வீட்டை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை.

அன்றிரவு பெரியவர் 'ஆட்டோபா'னின் முதற்பக்கத்தை முழுவதும் கேட்டார். கண்களை மூடி, தொடையில் மெல்லத் தாளமிட்டபடி அமர்ந்திருந்தார். பாட்டின் இடையே ஓரிடத்தில் சட்டென்று விழி திறந்து, "அடே, இதில் குழல் வாசிக்கிறார்களே!" என்றார்.

ஆம். 2020-ஆம் ஆண்டில் காலமான ஃப்ளோரியன் ஷ்னைடர் முதலில் பயின்ற வாத்தியம் புல்லாங்குழல்தான். குழலில்லை என்று கடிதம் எழுதிய பெரியவரே அதை முதலில் கண்டுகொண்டார்.