பாக்கிக்குப் பெயர் தருமமா?

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, கார்களும் காருக்கு வேண்டிய உறுப்புகளும் செய்கிற தொழிற்சாலைகள். மற்றது, 1990ல் திறந்த மோட்டார்ப் பந்தய மைதானம். பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்குத் தலையில் கவசம், நெருப்புப் பற்றாத உடுப்பு. ஓரத்தில் டாக்டரும் ஆம்புலன்ஸும் தயார். வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. விளையாட்டுக்குக் கார் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு ஏற்பாடு என்றால், வயிற்றுக்காகக் காரின் தகட்டை அடித்து எடுக்கிறவனுக்கு என்ன ஏற்பாடு என்றுதான் கேட்கிறேன்.

கேட்கத் தூண்டியவன் ஒரு பையன். வயது 24. செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம். பவர் பிரஸ்ஸில் காண்ட்ராக்டரின் ஆளாக மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை. கை உள்ளே போனால் இயந்திரம் தானே நின்றுவிட அதில் ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்துவதால் ஷிப்டுக்கு உண்டான எண்ணிக்கை குறைகிறது என்று அணைத்து வைத்திருந்தார்கள். எண்ணிக்கை குறையவில்லை. பையனுடைய விரல்களில்தான் ஒன்று குறைந்தது; வலது கை ஆள்காட்டி விரல், அடியோடு.

நான் பார்க்கப் போனபோது அவன் தாயார் கம்பெனியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "தங்கமான மனுசங்க ஐயா. ஆஸ்பத்திரிச் செலவு பூரா அவங்களே பாத்தாங்க. இருபதாயிரம் ரொக்கமா குடுத்தாங்க. ஆப்பிள்கூட வாங்கியாந்தாங்க" என்றாள். இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்றில் பையனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கட்டுப் போட்ட கையால் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். "இடது கைப் பெருவிரல் ரேகை வெச்சேன் சார்" என்றான். பிளஸ் டூ படித்தவன்!

அந்தக் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நல்லவர், புத்தகம் படிக்கிறவர், என் நாவல்களையும் படித்ததாகச் சொல்லிக் கொள்கிறவர். அவரைக் கேட்டேன். "மனிதாபிமான அடிப்படையில் செய்தோம். சட்டப்படி பார்த்தால் அவன் எங்கள் ஆளே இல்லை, காண்ட்ராக்டரின் ஆள். அதோடு கவனக் குறைவு அவனுடையது" என்றார்.

இந்த மனிதாபிமானத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? தொழிலாளர் ஈட்டுறுதி, அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்கிறோமே, 1948ல் சட்டமாக வந்தது. 1923ஆம் வருஷத்து நஷ்ட ஈட்டுச் சட்டத்தோடு சேர்த்து, 2025 நவம்பர் 21 முதல் அதைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் நூற்றுக்குப் 14 இழப்பு. சம்பளத்தில் 90 சதவிகிதம், அதில் 14 பங்கு என்றால், இந்தப் பையனுக்கு மாதம் ஏறக்குறைய 2,270 ரூபாய் வர வேண்டும். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, உயிர் உள்ளவரை. நண்பரின் 20,000 ரூபாய் ஒன்பது மாதப் பாக்கிகூட ஆகவில்லை. அதற்குப் பெயர் தருமம்!

காண்ட்ராக்டரின் ஆள் என்கிற வாதமும் நிற்காது. காண்ட்ராக்டர் சந்தா கட்டாவிட்டால் அந்தப் பொறுப்பு பிரதான முதலாளியின் தலையில்தான். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் ஈ.எஸ்.ஐ. உண்டு, பதியாமல் விட்டது முதலாளியின் குற்றம். ஆனால் நடைமுறை என்ன? மோட்டார் உறுப்புத் தொழிலில் கை நசுங்கியவர்களைத் தேடித் தேடிக் கணக்கெடுக்கும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு, விபத்துக்குப் பிறகே பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை வருகிறது என்று எழுதுகிறது. குடம் உடைந்த பிறகு சும்மாடு தேடுகிற கதை.

கவனக் குறைவு? குடித்திருந்தால், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினால், காப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினால், அப்போதுதான் முதலாளி மறுக்கலாம் என்று 1923ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. சாவுக்கும் முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்குகளும் செல்லா. களைத்துப் போன மனிதனின் கை தவறும் என்பது வெள்ளைக்காரனுக்கே அன்று தெரிந்திருந்தது. சரி, சென்சாரை அணைத்தது யார்? பையனா?

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களின் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் பேசியது ஒன்று உண்டு. 1968ல் சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போயிற்று என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை எப்படி நடக்கும், இது முழு இழப்பே என்றார்கள் நீதிபதிகள். அத்தோடு, நஷ்ட ஈடு காயம் பட்ட அன்றே பாக்கியாகிவிடுகிறது, அதிகாரியின் உத்தரவுக்காக அது காத்திருப்பதில்லை என்றும் சொன்னார்கள். தாமதித்ததற்கு வட்டியும் அபராதமும் சரியே என்றார்கள். பாக்கி என்று நான் சொல்லுவது என் கற்பனை அல்ல, ஐயா!

அந்த இங்கிலீஷ்த் தாளில் பையன் என்னதான் எழுதிக் கொடுத்திருந்தாலும், உரிமையை விட்டுக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது.

2010 அக்டோபர் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி, உயிர் பிழைக்கவில்லை. பத்திரிகையில் படித்தோம், 'அடடா' என்றோம், அடுத்த பக்கம் புரட்டினோம். 2014ல் தொழிற்சாலை மூடியபோதுதான் நாம் நெடுநேரம் பேசினோம். உத்தியோகத்தில் இருந்துகொண்டு அந்தத் தாள்களை டைப் செய்வதும், நீட்டுவதும், சாட்சிக் கையெழுத்துப் போடுவதும் நம்முடைய ஜனங்கள்தாம். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆப்பிளோடு வருகிறவர் நம் நண்பர்.

தொழிலாளிக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் வருஷத்துச் சட்டம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் போதும். இதையெல்லாம் அந்தத் தாயாரிடம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சின்னவனும் அதே காண்ட்ராக்டர் கிட்டத்தான் ஐயா இருக்கான். நாங்க போய்க் கேட்டா, அவனை வெச்சிருப்பாங்களா?" என்றாள்.

கேள்வியை அப்படியே எழுதி நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லை.