பத்தாயிரம் ரிங்கிட் லென்ஸ் யாருக்குத் தேவை?

கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். மிரர்லெஸ் கேமராவுக்குத் தவணை கட்டி முடித்த கையோடு, அதில் பொருத்த 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் வாங்க இன்னொரு கடன் எடுக்கப் போகிறாராம். “அண்ணே, யூடியூப்பில் எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?” என்று கேட்டார். இப்படிக் கேட்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால் அவரிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அவர் மனத்தில் இருந்தது சோனியின் ‘ஜி மாஸ்டர்’ வரிசையில் 2022இல் வந்த இரண்டாம் பதிப்பு. வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 2,300 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் பத்தாயிரம் ரிங்கிட்டை ஒட்டிய தொகை. கேனன், நிக்கான் நிறுவனங்களும் இதே வகை லென்ஸைச் செய்கின்றன. வேலைக்குப் போகும் படக்காரர்களின் பையில் முதலில் இடம்பிடிப்பது இதுதான். 35 மி.மீ. கேமராவுக்கான முதல் ஸூம் லென்ஸ், 1959இல் வந்த ஃபாய்க்லாண்டர் ஸூமார், 36-82 மி.மீ. எஃப் 2.8 அளவில் இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆசை மாறவில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். “பின்னணி அழகாக மங்கும்” என்பதற்காகத்தான் பலர் இதை வாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 70ஐ 2.8ஆல் வகுத்தால் 25 மி.மீ. மணப்பெண்ணின் முகத்தில் ஃபோகஸ் வைத்திருக்கிறீர்கள், வெகு தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது என்றால், அந்த விளக்கு படத்தில் ஒரு மங்கிய வட்டமாக விழும். அவள் முகம் இருக்கும் தூரத்தில் வைத்து அளந்தால் அந்த வட்டத்தின் விட்டமும் அதே 25 மி.மீ.தான். இது எளிய வடிவியல். நிறுவனத்தின் பெயர் இதை மாற்றாது. இப்போது சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை எடுங்கள். துளை ஏறக்குறைய 28 மி.மீ. 85 மி.மீ. எஃப் 1.8 என்றால் 47 மி.மீ. இதைவிடப் பல மடங்கு மலிவான லென்ஸுகள் பின்னணியை இதைவிட அதிகமாக மங்கச் செய்கின்றன. மங்கல்தான் வேண்டும் என்றால் கடன் வாங்க வேண்டியதில்லை.

பிறகு எதற்கு அந்தப் பணம்? ஒளிக்கும், நம்பகத்துக்கும். கேமராவோடு வரும் சாதாரண ஸூம் லென்ஸ் நீட்டும்போது எஃப் 5.6க்கு இறங்கிவிடும். எஃப் 2.8 அதைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மங்கலான மண்டபத்தில் ஒன்று ஐஎஸ்ஓ 12,800 கேட்கும் இடத்தில் மற்றது 3,200இல் முடித்துவிடும். மாங்கல்யதாரணம் சில நொடிகள்தான். மேளம் ஓங்கி ஒலிக்கும், எல்லாரும் அட்சதை தூவுவார்கள், யாரோ ஒரு மாமா கைத்தொலைபேசியோடு குறுக்கே வருவார். லென்ஸ் மாற்ற அப்போது நேரம் இல்லை. முழு மேடையையும் எடுத்து, அடுத்த நொடியே கையையும் கழுத்தையும் நெருங்கி எடுக்க வேண்டும். ஸூம் செய்தாலும் எஃப் 2.8 மாறாமல் நிற்பதால் படத்தின் வெளிச்சமும் மாறாது.

இந்த இடத்தில் மிரர்லெஸ் அமைப்பின் நன்மையையும் சொல்ல வேண்டும். பழைய எஸ்எல்ஆர் கேமராவில் கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டும் என்பதால் லென்ஸின் பிடிமானத்துக்கும் உணரிக்கும் நடுவே, கேனனில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. இடைவெளி இருந்தது. கண்ணாடி போனபின் கேனனில் 20, சோனியில் 18, நிக்கானில் 16 மி.மீ. என அது சுருங்கியது. லென்ஸின் கடைசி வில்லைகளை உணரிக்கு நெருக்கமாக வைக்க முடிகிறது. வடிவமைப்பாளருக்குக் கை விரிக்க இடம் கிடைக்கிறது. ஃபோகஸும் படம் பதியும் உணரியிலேயே அளக்கப்படுகிறது. “லென்ஸ் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் ஆகிறது” என்று பழைய கேமராக்களைச் சரிபார்க்கக் கொடுத்த தலைவலி பெரும்பாலும் ஒழிந்தது.

சோனி லென்ஸின் முதல் பதிப்பு 2016இல் வந்தது. அதில் 18 வில்லைகள், எடை 886 கிராம். இரண்டாம் பதிப்பில் 20 வில்லைகள், எடை 695 கிராம். வில்லை கூடியும் எடை 191 கிராம் குறைந்திருக்கிறது. ஃபோகஸ் செய்ய நான்கு நேரியல் மோட்டார்களும் உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவர்களிடம் இந்த 191 கிராம் பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். கூர்மை அட்டவணையில் இரண்டு விழுக்காடு கூடுவதைவிட இதுவே என் கணக்கில் பெரிய முன்னேற்றம்.

கூர்மையைப் பற்றி மதிப்புரைகள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. அவற்றில் பாதியை நான் தாண்டிவிடுவேன். நிறுவனங்கள் வெளியிடும் எம்டிஎஃப் வளைவுகளில் பெரும்பாலானவை கணினியில் கணக்கிட்டவை. உங்கள் கைக்கு வரும் லென்ஸை அளந்து வரைந்தவை அல்ல. அதோடு ஒளி அலை தன் எல்லையையும் விதித்திருக்கிறது. பச்சை ஒளியில் எஃப் 2.8 வைத்தால், மிகச் சிறந்த லென்ஸும் ஒரு புள்ளியை ஏறக்குறைய 3.8 மைக்ரோமீட்டர் அகல வட்டமாகத்தான் வரையும். 61 மெகாபிக்சல் முழுச்சட்ட உணரியில் ஒரு பிக்சலின் அகலமும் கிட்டத்தட்ட அதுவே. எஃப் 16க்குப் போனால் அந்த வட்டம் 21 மைக்ரோமீட்டரைத் தாண்டிவிடும். குழுப்படத்துக்கு ‘எல்லாம் தெளிவாக இருக்கட்டும்’ என்று எஃப் 16 வைக்கும் நண்பர், தான் கொடுத்த பணத்தைத் தானே வீணாக்குகிறார்.

படம் வளைவதைக் கேமராவின் மென்பொருள் திருத்துவது பற்றியும் சண்டை நடக்கிறது. இப்போதைய லென்ஸுகளில் பல, 24 மி.மீ. ஓரத்தில் வரும் வளைவைக் கண்ணாடியால் முழுவதும் சரிசெய்யாமல் மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. சிலர் இதை ஏமாற்று என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதனால்தான் எடையும் குறைகிறது. ஆனால் மென்பொருள் மூலைகளை இழுத்து நிரப்பும்போது அங்கே விவரம் கொஞ்சம் போகிறது. அந்த விவரத்தை விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் கையில் இருக்கும் லென்ஸ் நல்லதா என்பதுதான் உண்மையான கேள்வி. லென்ஸ்ரென்டல்ஸ் என்ற அமெரிக்க வாடகை நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிகாலா, ஒரே வகை லென்ஸில் பல பிரதிகளை ஒளியியல் மேசையில் அளந்து எழுதியிருக்கிறார். ஒரே பெட்டிப் பெயரில் வரும் லென்ஸுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஸூம் லென்ஸில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம் என்பது அவர் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை. நகரும் பாகங்கள் கூடக்கூட ஒரு வில்லை மயிரிழை சாய்ந்திருக்கும் வாய்ப்பும் கூடும்.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். எதிரே தொலைவில் உள்ள அடுக்குமாடியின் ஒரு சன்னலை, படத்தின் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்து, 24 மி.மீ., எஃப் 2.8இல் எடுங்கள். ஃபோகஸ் மாறக்கூடாது. நான்கு மூலைகளும் ஒரே அளவுக்கு மங்கினால் அது வடிவமைப்பின் குணம். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் அது அந்த லென்ஸின் கோளாறு. மாற்றித் தரக் கேளுங்கள். 50, 70 மி.மீ. அளவுகளிலும் இதையே செய்யுங்கள். பிறகு இருட்டறையில் ஒரு எண்ணெய் விளக்கை ஏற்றிவைத்து, அதைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து எடுங்கள். சுடரின் நிழலுருவம் எதிர்மூலையில் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். நம் வீட்டு விசேஷங்களில் விளக்கில்லாத படம் ஏது!

விலை குறைந்த மாற்று இல்லையா என்றால், உண்டு. டாம்ரோனின் 28-75 மி.மீ. எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 540 கிராம்தான். ஆனால் 24க்கும் 28க்கும் உள்ள இடைவெளியைச் சிறிதென்று எண்ணாதீர்கள். 3 மீட்டர் தள்ளி நின்றால் 24 மி.மீ. லென்ஸ் 4.5 மீட்டர் அகலத்தை அடக்கும், 28 மி.மீ. லென்ஸில் அது 3.9 மீட்டருக்கும் குறைவு. தாமான் வீட்டின் வரவேற்பறையில் முதுகு சுவரில் முட்டி நிற்கும்போது, வரிசையின் இரு முனையிலும் ஒவ்வோர் உறவினர் வெளியே போய்விடுவார். சிக்மாவின் 24-70 இந்தக் குறையில்லாதது, கொஞ்சம் கனம். சோனியின் வேகமான கேமராக்களில் பிற நிறுவன லென்ஸுகள் நொடிக்கு 15 படங்களுக்கு மேல் எடுக்கா. கல்யாணத்துக்கு அது எதற்கு? விளையாட்டுப் படம் எடுப்பவர் மட்டும் கவலைப்படட்டும்.

மதிப்புரைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்படுவதால் பேசாமல் விடும் ஒரு விஷயம் உண்டு: நம் ஊர்க் காற்று. எனக்கு வாய்த்த பாடம் இது. கைமாறிய ஸூம் லென்ஸ் ஒன்றை வாங்கி, துணிப் பையில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். ஆறு மாதத்தில் உள் வில்லையில் சிலந்தி வலைபோல் பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட கூலி, வாங்கிய விலையில் பாதி. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். நீட்டிச் சுருக்கும் லென்ஸ், ஒவ்வொரு முறையும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். தூசித் தடுப்பு இருந்தாலும் நீராவிக்கு அது முழு வேலி ஆகாது. 2025இல் நிக்கான் கொண்டுவந்த 24-70 இரண்டாம் பதிப்பு வெளியே நீளாமல் உள்ளுக்குள்ளேயே ஸூம் செய்கிறது. நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு அது வரவேற்கத்தக்க மாற்றம். எது வாங்கினாலும், ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் உலர்பெட்டியின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் சிறிது நேரம் வெளிக்காற்றின் சூட்டுக்கு விடுங்கள். இல்லையேல் வில்லை பனிபூத்து, மாப்பிள்ளை அழைப்பு முடிந்த பிறகுதான் தெளியும்.

அந்த இளைஞரிடம் கடைசியாக ஒரு வேலை கொடுத்தேன். இதுவரை எடுத்த மூன்று கல்யாணங்களின் படக்கோப்புகளைத் திறந்து, எந்த மி.மீ.யில் எத்தனை படம் என்று எண்ணச் சொன்னேன். கோப்பிலேயே அது பதிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அழைத்தார். வாடிக்கையாளர் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்தவற்றில் பாதிக்கு மேல் 50க்கும் 70க்கும் நடுவிலும், மீதியில் பெரும்பகுதி 24இலும் இருந்தனவாம். “அப்படியென்றால் 24-70 எனக்குத் தேவைதானே, அண்ணே?” என்றார். ஆமாம், தேவைதான். ஆனால் மாதத்துக்கு எத்தனை கல்யாணம் வருகிறது என்றேன். ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை என்றார். வரும் இரண்டு கல்யாணங்களுக்கும் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்திருக்கிறோம். எண்ணெய் விளக்குச் சோதனையை மட்டும் என் வீட்டில் வைத்துச் செய்யப் போகிறார்.