கையால் சுருட்டினால் ஆகுமா?

நம்மிடம் சில ஆண்டுகள் ஓதி, பின்னர் உலகக் கல்வியும் கற்று, இன்று நல்ல பதவியில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் பெருநாள் சலாம் சொல்ல வந்திருந்தார். விடைபெறும் நேரத்தில் கைப்பையிலிருந்து மரப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே அளவில், ஒரே நிறத்தில் பத்துப் பன்னிரண்டு சுருட்டுகள். "ஹஸ்ரத், இவை கடைச் சரக்கு அல்ல. முழு இலையாக வாங்கி, நானே வீட்டில் சுருட்டியவை. இதில் இரசாயனம் இல்லை, காகிதம் இல்லை, புகையை நெஞ்சுக்குள் இழுப்பதும் இல்லை. சிகரெட்டுக்குத் தாங்கள் சொன்ன தீர்ப்பு இதற்குப் பொருந்தாதல்லவா?" என்று கேட்டார்.

அவர் ஒருவரின் ஐயமாக இருந்தால் அவரோடு பேசி முடித்திருப்போம். ஆனால் படித்த இளைஞர் பலரிடம் இந்த வாதம் இன்று பரவி வருகிறது. கம்பெனிப் பொருள் தீது, கைப்பொருள் நன்று என்னும் நினைப்பு அதன் வேர். சுருட்டு விஷயத்தில் அந்த வேரைத் தோண்டிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

முதலில் நியாயம் பேசுவோம். சுருட்டுச் சுருட்டுவது ஒரு கைத்தொழில் என்பதை நாம் மறுக்கவில்லை. இலையைப் பதமாக நனைத்து, நடுநரம்பைக் கிழித்தெடுத்து, உள்ளே வைக்கும் இலையைப் புகை ஓடும்படி அடுக்கி, அதைக் கட்டும் இலையால் பிடித்து, எல்லாவற்றுக்கும் மேல் பழுதில்லாத மெல்லிய இலையைப் போர்த்தி முடிப்பது எளிய வேலையன்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ் கடல் கடந்தது. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற் கதையிலேயே, சாம்பலைக் கொண்டு அச்சுருட்டைத் துப்பறிவாளர் இனங்காண்கிறார். உறையூரிலும் யாழ்ப்பாணத்திலும் இத்தொழிலால் பல குடும்பங்கள் உண்டு வாழ்ந்தன. ஆயின் கையின் திறமை வேறு. கை செய்யும் பொருளின் தன்மை வேறு. அழகாகச் செய்யப்பட்டது என்பதால் ஒரு பொருள் ஆகுமானதாகிவிடாது.

இரசாயனம் இல்லை என்கிறார்கள். சிகரெட்டில் தொழிற்சாலை பலவற்றைச் சேர்க்கிறது என்பது மெய்தான். ஆனால் தீங்கின் பெரும்பகுதி இலையிலும் நெருப்பிலும் இருக்கிறதே! நிகோடினைக் கம்பெனிக்காரன் புகுத்தவில்லை; செடியே அதை ஊட்டி வைத்திருக்கிறது. எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் எழும்; கையால் சுருட்டினான் என்று நெருப்பு சலுகை காட்டாது. அதுமட்டுமன்று, சுருட்டுக்குரிய இலையை உலர்த்தி, குவியலாக அடுக்கி, சூடேறிப் புளிக்க வைக்கிறார்கள். மணமும் நிறமும் அதனால் வருகின்றன. நைட்ரோசமின் எனப்படும் புற்றுநோய்ப் பொருள்கள் உருவாவதும் இந்தப் பதப்படுத்தலின்போதுதான். எதை 'இயற்கை முறை' என்று மாணவர் போற்றினாரோ, அதன் உள்ளேயே நஞ்சு விளைகிறது.

புகையை உள்ளே இழுப்பதில்லை என்பது அடுத்த வாதம். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. ஆதலின் அதிலுள்ள நிகோடின் நுரையீரலை எட்டாமலே வாயின் மெல்லிய தோல் வழியாக இரத்தத்தில் கலக்கும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழல் ஆகிய இடங்களில் சுருட்டினால் புற்று வருவது மருத்துவர்கள் ஐயமின்றி நிறுவிய செய்தி. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருப்பதுண்டு. ஒன்று எரிந்து முடிய ஒரு மணி நேரமும் ஆகலாம். அதுவரை வீட்டில் நிறையும் புகையைச் சுவாசிப்பவர் யார்? 'நான் இழுப்பதில்லை' என்று அவர் சொல்லலாம். தொட்டிலில் கிடக்கும் அவருடைய குழந்தை அப்படிச் சொல்ல முடியுமா? நனைத்த இலையும் நறுக்கிய துண்டும் வீட்டில் சிதறிக் கிடக்க, தவழும் பிள்ளை ஒன்றை எடுத்து விழுங்கினால் அந்தச் சிற்றுடல் நிகோடினைத் தாங்குமா?

மூன்றாவது வாதம் நம் துறையைச் சேர்ந்தது. "முன்னோர்களான இமாம்கள் புகையிலையை முபாஹ் என்று எழுதவில்லையா?" என்கிறார்கள். எழுதினார்கள், மறைப்பதற்கில்லை. மாலிகி மத்ஹபின் அலீ அல்அஜ்ஹூரி ஆகும் என்றார். ஹனஃபி மத்ஹபின் அப்துல் கனீ அந்நாபுலுஸி அதற்கென்றே தனி நூல் இயற்றினார். இப்னு ஆபிதீன் இவர்களின் கருத்தைத் தம் நூலில் எடுத்தாண்டார். ஆனால் அதே காலத்தில் மாலிகியான இப்ராஹீம் அல்லகானி தடுத்து நூல் எழுதினார். நம் ஷாஃபிஈ மத்ஹபின் கல்யூபி ஹராம் என்றார். ஒரு பக்கத்தை மட்டும் புரட்டிக் காட்டுவது கல்வியாகாது.

ஆகும் என்றவர்கள் எதன் மீது நின்றார்கள்? பொருள்களில் அடிப்படை அனுமதியே என்னும் சட்ட விதியின் மீது நின்றார்கள். தடுக்கும் வசனம் தெளிவாக இல்லை, போதை இல்லை, தீங்கு உறுதிப்படவில்லை என்பவை அவர்களின் தூண்கள். அவர்கள் காலத்தில் அது புதிய செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஸத் பேக் என்பார் பீஜப்பூரிலிருந்து அதை அக்பரின் அவைக்குக் கொண்டுவந்தபோது, நம் மருத்துவ நூல்கள் இதைப்பற்றி ஏதும் கூறவில்லையே என்று அரண்மனை மருத்துவர் தயங்கினார். 1617-இல் ஜஹாங்கீர் அதைத் தடுத்தார். அறியாத பொருளைப்பற்றி அறிஞர்கள் கருத்து வேறுபட்டது இயல்பு. யாருக்குத் தீங்கு தருமோ அவருக்கு ஆகாது என்பதை அனுமதித்தவர்களும் ஏற்றார்கள். இன்று அந்த மூன்றாவது தூண் விழுந்துவிட்டது. புகையிலையால் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காரணம் இருக்கும் இடத்தில் சட்டமும் இருக்கும். காரணம் மாறினால் சட்டமும் மாறும் என்பது நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பாடமன்றோ? நாபுலுஸியின் முடிவை மட்டும் பற்றிக்கொண்டு அவருடைய காரணத்தை விட்டுவிடுவது அந்தப் பெரியாருக்குச் செய்யும் மரியாதையன்று.

"கையால்" என்னும் சொல்லுக்கு வருவோம். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தரும் கட்டளை. இறைவழியில் செலவிடுவது பற்றிய இடத்தில் அது இறங்கியது என்பதை அறிவோம். ஆயினும் இறங்கிய காரணம் குறுகியதாயினும் சொல்லின் பொதுமையே கொள்ளப்படும் என்பது உஸூல் கலையின் விதி. அவ்வசனம் கையைக் குறிப்பிட்டுச் சொல்கிறது என்பதை மாணவருக்கு நினைவூட்டினோம். 'என் கையாலேயே செய்தேன்' என்பதை அவர் சிறப்பாகச் சொன்னார். அதுவே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. கடையில் வாங்குபவனுக்கு அட்டையின் மீது எச்சரிக்கைப் படமாவது கண்ணில் படும். இவர் பெட்டியில் அதுவும் இல்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு நம் தோழர்களான ஆலிம்கள் தலையசைத்திருப்பார்கள். இனிச் சொல்லப்போவது அவர்களுக்கும் நமக்கும்.

புகையிலையைக் கையால் சுருட்டும் வீடுகள் இன்னும் உண்டு. பொழுதுபோக்குக்காகச் சுருட்டும் வீடுகள் அல்ல அவை. உலை கொதிக்கச் சுருட்டும் வீடுகள். மேலப்பாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் போய்ப் பாருங்கள். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, மடியில் தட்டை வைத்து, குனிந்த முதுகு நிமிராமல் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் நம் தாய்மாரும் சகோதரிகளும் அங்கே இருக்கிறார்கள். நாட்டில் பதிவு செய்யப்பட்ட பீடித் தொழிலாளர் சுமார் 50 இலட்சம் பேர் என்பது அரசின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோஷா காக்கும் பெண் வீட்டை விட்டு வெளியேறாமல் பிழைக்க ஒரு வழி என்று சொல்லி நாமே அதை மெச்சியதும் உண்டு. அவள் நாள் முழுதும் சுவாசிக்கும் தூளைப்பற்றி யார் பேசினோம்?

1966-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது பீடிக்கும் சுருட்டுக்கும் சேர்த்தே இயற்றியது. வீட்டிலிருந்து சுருட்டுபவளையும் தொழிலாளி என்று ஏற்றது. 1976-இல் பீடித் தொழிலாளர் நலநிதி ஏற்பட்டது. அந்நிதிக்கு ஊற்றாக இருந்த தீர்வை, சரக்கு மற்றும் சேவை வரி வந்த 2017-இல் நீக்கப்பட்டது. சட்டம் செய்தோர் இவ்வளவாவது செய்தார்கள். மிம்பரில் நின்ற நாம் என்ன செய்தோம்? புகைப்பவனுக்கு மக்ரூஹ் என்றும் ஹராம் என்றும் தீர்ப்பளித்தோம். அதே பள்ளியின் விளக்குக்கும் விரிப்புக்கும் அந்தத் தொழிலின் முதலாளி நன்கொடை நீட்டியபோது துஆ ஓதி வாங்கிக்கொண்டோம். ஊதுபவன் பாவி, விற்பவன் வள்ளல், சுருட்டுபவள் யாருடைய கணக்கிலும் இல்லாதவள்! இப்படியொரு ஃபிக்ஹு எந்தக் கிதாபில் இருக்கிறது?

பிறரைக் குற்றம் சாட்டி நாம் ஒதுங்கிக்கொள்வதாக யாரும் எண்ண வேண்டாம். நாம் ஓதிய நாளில் உஸ்தாதுமார்களின் வெற்றிலைப் பெட்டியில் புகையிலையும் இருந்தது. நாமும் நாற்பது வயதுவரை அதைப் போட்டவர்களே. பூண்டும் வெங்காயமும் தின்று வாய்நாற்றத்தோடு பள்ளிக்கு வரலாகாது என்னும் ஹதீதைப் பாடம் நடத்தியபோது, நம் வாயில் புகையிலை இருந்தது. அந்த வெட்கமும் இதை எழுதத் தூண்டுகிறது.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. முதலாவது, புகையிலையைப் பற்றிப் பேசும் ஆலிம் புகைப்பவனோடு நின்றுவிடாமல், விளைவிப்பவன், விற்பவன், அந்தப் பணத்தால் கட்டடம் எழுப்புபவன் ஆகிய எல்லோரையும் பற்றிப் பேச வேண்டும். பேச முடியாதென்றால் ஊதுபவனையும் விட்டுவிட வேண்டும். எளியவனிடம் மட்டும் செல்லும் தீர்ப்பு தீர்ப்பாகாது.

இரண்டாவது, சுருட்டும் பெண்ணிடம் 'இது ஆகாது, விட்டுவிடு' என்று வெறுங்கையோடு சொல்லக் கூடாது. தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவுக்கு ஸகாத் கொடுக்கலாம் என்று நம் மத்ஹபின் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பெருநாள் காலத்தில் ஆளுக்கு நூறும் இருநூறுமாகச் சில்லறையை இறைத்து வரிசையில் நிற்க வைக்கிறோமே, அதே பணத்தை ஊர் ஒன்றுகூடித் திரட்டினால் ஆண்டுக்குப் பத்து வீடுகளில் தட்டு இறங்கித் தையற்பொறி ஏறாதா? மகளைப் படிக்க வைக்க முடியாதா? நஞ்சை விட்டுவிடச் சொல்பவன் முதலில் சோற்றைக் காட்ட வேண்டும். அதைக் காட்டும்வரை, நிர்ப்பந்தத்தால் சுருட்டுபவளின் கணக்கை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு, வசதி படைத்தவர்களான நம் கணக்கை நாம் பார்ப்போம்.

அந்த மாணவருக்கும் இதையே சொன்னோம். "தம்பி, வயிற்றுப்பாட்டுக்காக இந்த இலையைத் தொடுகிறவள் தன் மகளாவது தொடக்கூடாதே என்று ஏங்குகிறாள். நீர் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டு வருகிறீர். உம் கையில் திறமை இருக்கிறது, ஓய்வும் இருக்கிறது. அவற்றை வேறொன்றுக்குத் தாரும்." அவர் பதில் பேசாமல் பெட்டியை மூடி எடுத்துச் சென்றார். எங்கே கொண்டு போனார் என்பது நமக்குத் தெரியாது.

கைகள் வாய்க்குப் பூட்டிட்டுச் சாட்சி சொல்லப்படும் நாள் ஒன்று உண்டு என்று நாம் நம்புகிறோம். சுருட்டிய கை, விற்ற கை, நன்கொடை வாங்கிய கை, கண்டும் எழுதாமலிருந்த கை ஆகிய அனைத்தும் அன்று பேசும். அன்று நம் கைகள் நமக்கு எதிராகப் பேசாதிருக்க வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.