பனியை நீராகக் காணாதவர்கள்

ஆண்டுதோறும் மார்கழி பிறந்து அரையாண்டு விடுமுறை நெருங்கியதும் நம் இதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் ஒருவகைப் பயணக் கட்டுரை முளைத்துவிடுகிறது. குல்மார்க் சென்றோம், மணாலி சென்றோம், பனியில் உருண்டோம் என்று அது தொடங்கும். 'வெள்ளைக் கம்பளம்', 'மண்ணுலகச் சொர்க்கம்' என்ற இரு தொடர்களையும் எப்படியேனும் நுழைத்துவிட்டு, ரோப்கார் வரிசையின் நீளத்தையும் தேநீரின் விலையையும் குறைகூறி முடியும். எழுதுகிறவர்கள் அந்நியர் அல்லர், நம் நண்பர்கள், நல்ல நாவலையும் மோசமான நாவலையும் முதல் அத்தியாயத்திலேயே பிரித்தறியும் வாசகர்கள். பனிக்கு அருகில் சென்றதும் இவர்களுடைய மொழி மட்டும் ஏன் இப்படி விறைத்துப்போகிறது என்பதே நம் கேள்வி.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். பனிநிலங்களுக்கு இன்பப் பயணம் செல்வதைப் பழிப்பது நம் நோக்கமன்று. பயணம் என்றாலே வரலாற்றுச் சான்று தேடுவதாகவோ துயரத்தைப் பதிவு செய்வதாகவோ இருக்க வேண்டும் என்று முகம் சுளிக்கும் தீவிர இலக்கியவாதிகளோடு நமக்கு உடன்பாடில்லை. நாற்பது பாகை வெயிலில் வாழ்நாளைக் கழிக்கும் ஒருவர் சேமித்த பணத்தில் பனியைக் காணச் செல்வது மிக நியாயமான ஆசை. நம் குற்றச்சாட்டு இதற்கு நேர்மாறானது. இவர்கள் பனியை அனுபவிக்கவே இல்லை என்கிறோம்.

இதன் வேரைத் தேடினால் திரைப்படத்தில் போய் நிற்கும். நம் தலைமுறையினரில் பெரும்பாலோர் பனியை முதன்முதலில் பார்த்தது பாடல் காட்சியில்தான். அங்கே பனி ஒரு பின்திரை. காஷ்மீரில் நிகழ்வதாகச் சொல்லப்பட்ட 'ரோஜா' (1992) படத்தின் பனிக்காட்சிகள், அன்றைய காஷ்மீர் நிலவரம் காரணமாக இமாசலப் பிரதேசத்தின் மணாலிப் பக்கம் எடுக்கப்பட்டவை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. திரைக்கலைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் எந்த மலையாயினும் வெள்ளையாக இருந்தால் போதும் என்று பழகிய கண்ணோடுதான் நாம் விமானம் ஏறுகிறோம். கால் பதிக்கும் இடம் ஓர் ஊர் என்பது அந்தக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மொழியும் இதில் நமக்குத் துணைநிற்கவில்லை. தமிழில் 'பனி' என்பது அடிப்படையில் குளிர்; புல்நுனியில் தங்கும் ஈரம்; கண்ணில் துளிர்க்கும் நீர். பனித்தல் என்றால் நடுங்குதல். முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரு பருவங்களுக்குப் பெயர் வைத்த முன்னோர்கள், வீட்டுக் கூரையை அழுத்தி முறிக்கும் பனியை அறிந்திருக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. வைகறையில் ஊர்வயலில் இறங்கும் அந்த எடையற்ற பொருளுக்கு வைத்த பெயரையே, ஆளுயரம் குவிந்து சாலையை மூடும் ஒன்றுக்கும் சூட்டினோம். பெயரோடு எடையின்மையும் சேர்ந்தே போயிற்று. காஷ்மீரியில் இதன் பெயர் 'ஷீன்'. பருவத்தின் முதல் பனியை அவர்கள் 'நவ் ஷீன்' என்று வாழ்த்திக் கொண்டாடுவர். ஒரு பொட்டலத்துள் பனியை மறைத்து நண்பர் கையில் கொடுப்பதும், ஏமாந்து வாங்கியவர் விருந்து வைப்பதும் பழைய வழக்கம். பனியில் மகிழ்வதை அவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. அம்மகிழ்ச்சி எதை நம்பி எழுகிறது என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

2024ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் நாம் ஒரு குழுவோடு குல்மார்க் சென்றிருந்தோம். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். டங்மார்க்கில் வாடகைக்கு எடுத்த மேலங்கியும் முழங்கால்வரை ரப்பர்க் காலணியும் அணிந்து, கோமாளிகளைப்போல் மேலேறி இறங்கினால், எதிரே பழுப்பு நிறப் புல்வெளி. 2,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஜனவரி நடுவில், மேட்டுப்பாளையத்துப் பக்கம் கோடையில் காய்ந்து கிடக்கும் தரிசு போல அது கிடந்தது. அந்தக் குளிர்காலத்தின் வறட்சி நாளேடுகளில் செய்தியாகியிருந்தது. நாம்தான் படிக்காமல் போயிருந்தோம். குழுவில் இருந்தோர் கொதித்தனர். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்றார் ஒருவர். பயண ஏற்பாட்டாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றார் இன்னொருவர். பனியை ஒரு விடுதி வசதியாக, வெந்நீர்க் குழாயைப்போல, இவர்கள் எண்ணியிருந்தது அப்போதுதான் புலப்பட்டது. உண்மையைச் சொன்னால், முதல் அரைமணி நேரம் நம் மனமும் அவ்வாறே புலம்பிக்கொண்டிருந்தது.

சறுக்குவண்டி இழுக்கும் முதியவர் ஒருவர் தம் மரவண்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தார். ஃபெரனுக்குள் கைகளை இழுத்துக்கொண்டு, வயிற்றோடு அணைத்த காங்கிரியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கங்கு, அவ்வளவுதான் காங்கிரி. நம் அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தோம். இம்முறை வருமானம் போயிற்றே என்று ஆறுதல் சொல்ல முனைந்தபோது அவர் தலையசைத்து மறுத்தார். கூலி அடுத்த மாதம்கூட வரும். வைகாசியில் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதே தம் கவலை என்னும் பொருளில் விடை சொன்னார். 'வைகாசி' நம் மொழிபெயர்ப்பு; அவர் சொன்னது நாற்றுநடும் காலம். ஓர் உழவர் மகனாகிய நமக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அப்படி ஒரு கேள்வி அதுவரை நமக்குத் தோன்றவில்லையே என்ற நாணம்தான் மிஞ்சியது.

டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள்கள் நீளும் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லாயி கலான்' என்பர். அதன்பின் இருபது நாள், அதன்பின் பத்து நாள் எனக் குளிர் படிப்படியாக இறங்கும். மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி வரும் மேற்கத்தியக் காற்றுக் கலக்கங்களே இப்பனியைக் கொணர்கின்றன. இந்த நாற்பது நாளில் விழும் பனி குளிரில் இறுகி மலையிலேயே தங்கும். பிப்ரவரிக்குப் பின் விழுவது ஈரமிக்கது. விரைவில் உருகி ஓடிவிடும். பத்து அங்குலப் புதுப்பனி உருகினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீர் என்பது பொதுக்கணக்கு. மலைமேல் தங்கிய அந்த நீர்தான் இளவேனிலில் மெல்ல இறங்கி ஊற்றுகளையும் ஜீலத்தையும் நெல்வயலையும் ஆப்பிள் தோட்டத்தையும் சென்றடைகிறது. ஆப்பிள் மரத்துக்குக் குளிரும் வேண்டும். போதிய நாள் குளிரில் உறங்காத மரம் ஒழுங்காகப் பூக்காது. 2025 பிப்ரவரியில், முகலாயர் கால அச்சபல் தோட்டத்தின் ஊற்று வறண்டது. அதே மாதம் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனியின்மையால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. பயணக் கட்டுரையாளருக்கு இரண்டாவது செய்தி தெரிந்திருக்கலாம். முதலாவது அவர் கண்ணில் பட்டிருக்குமா என்பது ஐயமே.

தமிழ் படித்தவர்கள் இப்படி எழுதுவதுதான் கூடுதல் வருத்தம். தொல்காப்பியம் நமக்குக் கற்பித்தது என்ன? நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றோடு கருப்பொருள் சேர வேண்டும். அந்நிலத்து மரம், விலங்கு, உணவு, தொழில், பறை, தெய்வம் எல்லாம் அதனுள் அடங்கும். அப்போதுதான் உரிப்பொருள் அங்கே உயிர்பெறும். நம் பயணக் கட்டுரைகள் முதற்பொருளைப் படம்பிடித்துக்கொண்டு நேரே தம் உரிப்பொருளுக்குத் தாவுகின்றன. குல்மார்க் நிலம்; டிசம்பர் பொழுது; நம் தேனிலவு உரிப்பொருள். இடையில் இருக்கவேண்டிய காங்கிரியும், கோடையிலேயே வெட்டிக் காயவைத்த சுரைக்காய் வற்றலும், கூரையில் பனி தள்ளும் மரச்சட்டுவமும், வண்டியிழுக்கும் முதியவரும் எங்கே? முதியவர் ஒரே ஓர் இடத்தில் வருவார்: அதிகக் கூலி கேட்டுத் தொல்லை தந்தவராக.

'ஐந்து நாள் விடுப்பில் வருகிறவன் நீரியல் படித்துவிட்டா வரவேண்டும்?' என்று ஒரு மறுப்பு எழும். எழட்டும். நம் பதில் குற்றாலத்தில் இருக்கிறது. சாரல் காலத்தில் அருவிக்குச் செல்லும் நம்மவர் தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றி ஆய்வு செய்துவிட்டுச் செல்வதில்லை. ஆயினும் இந்த நீர் சிற்றாறாக ஓடி வயலுக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அருவி வறண்டு கிடந்தால் 'இந்த ஆண்டு மழையில்லை' என்பாரே ஒழிய, 'மலை ஏமாற்றிவிட்டது' என்று சொல்லமாட்டார். அந்த அறிவால் அவருடைய குளியலின் இன்பம் குறைந்துவிட்டதா? தலைமேல் விழும் நீர் ஊருக்கெல்லாம் சோறாகும் என்று அறிந்தவனின் குளியலே நிறைவான குளியல். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவரைப் பாடம் நடத்தும் நாம், வானிலிருந்து திடமாக விழும் நீரை மட்டும் அலங்காரம் என்று எண்ணுவது எவ்வகை நியாயம்?

ஆகவே பனி காணச் செல்லுங்கள் என்றே சொல்கிறோம். ஸ்ரீநகரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் அவசரத்தைக் கைவிட்டு, இரண்டு இரவேனும் மேலே தங்குங்கள். பனி பெய்யும் இரவில் ஓசைகள் எல்லாம் அடங்கிப்போவதைப் பகல்நேரப் பயணி ஒருபோதும் கேட்பதில்லை. காலையில் விடுதிக்காரர் வாயிலில் பனியை வாரித் தள்ளும்போது ஒரு கால்மணி நேரம் நீங்களும் சட்டுவத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். 'கம்பளம்' என்ற சொல் அத்தோடு உங்கள் எழுத்திலிருந்து நீங்கிவிடும். வற்றல் குழம்பு கேட்டு உண்ணுங்கள். வண்டியிழுப்பவரிடம் பேரம் முடிந்ததும் அவருடைய ஊரின் ஊற்று எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

நாம் ஊர் திரும்பிய பின், அதே ஜனவரிக் கடைசியில் குல்மார்க்கில் பனி கொட்டியதாகச் செய்தி வந்தது. குழுவில் இருந்த நண்பர் தொலைபேசியில் அழைத்து, 'பத்தே நாளில் தவறவிட்டுவிட்டோமே' என்று அங்கலாய்த்தார். நமக்கு நினைவில் வந்தது கவிழ்த்துப்போட்ட அந்த மரவண்டிதான். பிந்தியேனும் வந்ததே, அவர் வயலுக்குக் கொஞ்சமாவது எட்டும் என்று மனம் ஆறுதல் கொண்டது. கண்ணால் காணாத அந்தப் பனி தந்த மகிழ்ச்சியை நம் பயணத்தின் கணக்கிலேயே வரவு வைத்திருக்கிறோம்.